சிகாகோவின் முதல் மனைகள்

1800ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ ஆற்றின் வடகரையில் ஒரு கிரயம் நடந்தது. விற்றவர் ழான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டு சாபிள் என்ற கறுப்பின வணிகர். வாங்கியவர் ழான் லாலீம். விலை 6,000 லிவ்ர், அதாவது சுமார் 1,200 டாலர். பத்திரத்தின் பட்டியல் நீளமானது. 40க்கு 22 அடியில் ஒரு மரவீடு, குதிரை பூட்டி ஓட்டும் மாவு ஆலை, இரண்டு தானியக் கொட்டகைகள், ரொட்டி சுடும் அறை, 30 மாடுகள், 38 பன்றிகள், 44 கோழிகள் என்று போய், வால்நட் மரத்தில் இழைத்த பிரெஞ்சு அலமாரி வரை வந்து நிற்கிறது. கோழியைக் கூட எண்ணி எழுதியவர்கள் நிலத்தின் நான்கெல்லையை எழுதவில்லை. இது மறதியாக இருக்க முடியாது. வீடு அவருடையது, கொட்டகை அவருடையது. அவை நின்ற மண்ணை விற்கலாம் என்பதற்கு அப்போது அங்கே வழியே இல்லை. எல்லைப்புறச் சிற்றூர்களின் நில வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகக் காடு திருத்தியவனிடமிருந்து தொடங்குவார்கள்: அவன் வந்தான், உழைத்தான், நிலம் அவனுடையதாயிற்று. சிகாகோவின் ஆவணங்கள் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. அங்கே நிலத்தைச் சொத்தாக்கியது சர்வேயரின் வரைபடம். குடியிருப்பும் உழைப்பும் அதற்குப் பிறகுதான் கணக்கில் வந்தன, அதுவும் எல்லோருக்கும் அல்ல.

இந்த இடத்தின் முதல் நிலப் பரிமாற்றமே காகிதத்தில் வரைந்த ஒரு சதுரம்தான். 1795இல் கிரீன்வில் உடன்படிக்கையில், சிகாகோ ஆற்று முகத்துவாரத்தில் ஆறு மைல் சதுர நிலத்தைப் பூர்வகுடிகள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்டது. அந்தச் சதுரத்தின் மூலைகளில் அப்போது ஒரு முளைக்குச்சி கூட இல்லை. 1827இல் நாடாளுமன்றம், மிச்சிகன் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்காக, அதன் இருமருங்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலப் பிரிவுகளை இல்லினாய் மாநிலத்துக்குத் தந்தது. கால்வாய் வெட்டப் பணம் வேண்டும். பணம் வர நிலத்தை விற்க வேண்டும். விற்கத் துண்டு போட வேண்டும். அதற்காக வந்த சர்வேயர் ஜேம்ஸ் தாம்ப்சன் 1830 ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்ட வரைபடத்தில் 58 மனைத்தொகுதிகளை வரைந்தார். அளவுக்காரர் கையிலிருந்தது 66 அடி நீளமுள்ள கன்ட்டர் சங்கிலி. (நம்மூர்ப் பழைய புலப்படங்களில் லிங்க்ஸ் கணக்கு எழுதியதும் இதே சங்கிலியை வைத்துத்தான்.) சேறும் காட்டு வெங்காயமும் மண்டிய சதுப்பின் குறுக்கே, தரை எப்படியிருக்கிறது என்று பாராமல் கோடுகள் நேராகப் போயின. அடுத்த மாதமே ஏலம். மனை ஒன்று 10 டாலருக்கும் போனது, 200 டாலருக்கும் போனது. அன்று ஊரில் இருந்தவர்கள் நூறு பேர் தேறினால் அதிகம்.

இடம் நல்ல இடம், அதனால்தான் விலை ஏறியது, வரைபடத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேரேரிகளிலிருந்து வரும் படகைச் சற்றுத் தூரம் சுமந்து போனால் மிசிசிப்பிக்குப் போகும் நீரில் இறக்கிவிடலாம். அந்தச் சுமைவழி இங்கேதான் இருந்தது. ஆனால் இது போட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1673இலிருந்தே தெரியும். டு சாபிள் கடை போட்டதும் அதை நம்பித்தான். அத்தனை காலமும் இடம் நல்ல இடமாகவே இருந்தது. மண்ணுக்கு மட்டும் விலை இல்லை. டு சாபிளின் வீடு லாலீமிடமிருந்து 1804இல் ஜான் கின்சி என்ற வணிகரிடம் வந்தது. 1831இல் அவருடைய மகன், தெற்கே வெகுதொலைவில் பாலஸ்டைன் என்ற ஊரிலிருந்த நில அலுவலகத்தில், அந்த வீட்டைச் சுற்றி 100 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்ற அரசு விலையில் பதிந்துகொண்டார். மொத்தம் 130 டாலருக்குள் முடிந்தது. ஒரு மரவீடும் கோழி, மாடுகளும் விலைபோனதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! பிறகு இரண்டே ஆண்டுகளில் அந்தக் குடும்பம் அதை மனைப்பிரிவாக்கி விற்கத் தொடங்கியது.

அப்படியானால் குடியிருந்தவருக்கு முன்னுரிமை கிடைத்ததே, உழைப்பைச் சட்டம் மதித்ததே என்று வாதிடலாம். 1830இல் வந்த முன்வாங்குரிமைச் சட்டம் சொன்னது அதைத்தான்: அரசு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்தவர் 160 ஏக்கர் வரை ஏலத்துக்கு முன்பே குறைந்த விலையில் வாங்கலாம். கின்சி குடும்பம் அப்படித்தான் வாங்கியது. ஆற்றின் தென்கரையில் டியர்பார்ன் என்ற ராணுவக் கோட்டைக்கு அருகே, 1810களிலிருந்து குடியிருந்த ழான் பாப்டிஸ்ட் போபியனின் கதை வேறு. 1835 மே மாதம், சிகாகோவிலேயே நில அலுவலகம் திறந்ததும், கோட்டையைச் சுற்றிய 75 ஏக்கர் சொச்சத்துக்கு 94 டாலர் 61 சென்ட் கட்டி ரசீது வாங்கினார். அவரிடமிருந்து உரிமை வாங்கியவர் கோட்டைத் தளபதி மீது வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் ரசீதை ஏற்றது. கூட்டரசின் உச்ச நீதிமன்றம் 1839இல் அதைக் கவிழ்த்தது: ராணுவத்துக்கென்று ஒதுக்கிய நிலம் விற்பனைப் பட்டியலிலேயே இல்லை, இல்லாததை அலுவலர் விற்க முடியாது. உழைப்பும் அனுபவமும் கின்சிகளுக்குக் குறைவின்றி போபியனுக்கும் இருந்தன. வேறுபாடு, அரசுக் கோப்பில் எந்த நிலத்துக்கு என்ன குறிப்பு எழுதியிருந்தது என்பதில் மட்டுமே.

இன்னொரு வாதமும் உண்டு: பூர்வகுடிகளுக்கு உடன்படிக்கைப்படி விலை கொடுத்தாயிற்று. கொடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1833 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையில், சுற்றுவட்டாரத்தில் சுமார் 50 லட்சம் ஏக்கரை விட்டு மிசிசிப்பிக்கு மேற்கே போக அந்த மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கென்று எழுதிய பணத்தில் ஒரு பெரிய தொகை, அவர்கள் பட்ட கடனென்று வணிகர்கள் கொடுத்த பட்டியலை அடைக்கவே போனது. அடுத்த மாதமே பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கியிருந்த 16ஆம் பிரிவு, நாலைந்து மனைத்தொகுதிகள் நீங்கலாக, 38 ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு ஏலம் போனது, பெரும்பாலும் கடனுக்கு. பின்னாளில் நகரின் நடுப்பகுதியாகப் போகிற 640 ஏக்கர் அது. பள்ளிக்காகச் சற்றுப் பொறுத்திருக்கலாம். ஆனால் வாங்க ஆள் இருக்கும்போதே விற்பதுதான் அந்த ஊரின் அன்றைய புத்தி.

1836இல் அங்கே போன ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, வெள்ளைக் குதிரையில் செந்நிற உடையும் கொடியுமாக ஒருவர் தெருத்தெருவாக ஏல நேரத்தை அறிவித்துக்கொண்டு போனதை எழுதியிருக்கிறார். அந்தக் குதிரைக்காரர் நின்ற தெருமுனைகளில் கூட்டம் மொய்த்ததாம். அந்த ஜூலையில், அரசு நிலத்துக்குத் தங்கமும் வெள்ளியும்தான் செல்லும் என்று வாஷிங்டன் உத்தரவிட்டது, மறு ஆண்டு வங்கிகள் முடங்கின, விலை சரிந்தது. எதற்காக இத்தனை மனையும் விற்றதோ அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடியது 1848இல்தான்.

போபியன் தோற்ற அந்த நிலத்தை 1839இலேயே அரசு மனைகளாக விற்றது. அப்போது போட்ட வரைபடத்தில் ஏரியோரத் துண்டு ஒன்றில் மட்டும், பொது நிலம், எக்காலத்திலும் கட்டடம் எழக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, எதிரே அலுவலகம் வைத்திருந்த தபால்வழி வணிகர் மான்ட்கோமரி வார்டு, அந்த ஏரிக்கரையில் நகராட்சி கட்டடம் எழுப்பப் பார்த்தபோது நீதிமன்றத்துக்குப் போனார். 1890இலிருந்து இருபது ஆண்டுகள் நடந்த வழக்குகளில் அவர் நம்பி நின்றது பழைய வரைபடங்களில் இருந்த இத்தகைய குறிப்புகளைத்தான். திரும்பத் திரும்ப அவரே வென்றார். இன்று அங்கே கிராண்ட் பூங்கா திறந்தவெளியாகக் கிடப்பது அதனால்தான்.