பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (நிகழ்பட ஆட்டத் தொடர்)

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (பாரசீக இளவரசன்) என்பது 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய நிகழ்பட ஆட்டத் தொடர் ஆகும். ஓடுதல், தாவுதல், விளிம்பைப் பற்றித் தொங்கி ஏறுதல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட தள ஆட்ட வகையைச் சேர்ந்தது. முதல் ஆட்டத்தை ஜோர்டன் மெக்னர் ஏறத்தாழத் தனி ஒருவராகவே உருவாக்கினார். 2020 இல் இத்தொடரின் ஓர் ஆட்டத்தை மறுஆக்கம் செய்யும் பணி இந்தியாவில் நடைபெற்றது.

முதல் ஆட்டம்

யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே கராத்தேக்கா (1984) என்னும் ஆட்டத்தை வெளியிட்டிருந்த மெக்னர், 1985 இல் இவ்வாட்டத்தின் பணியைத் தொடங்கினார். தன் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் நிகழ்படமாகப் பதிவுசெய்து, அதன் ஒவ்வொரு சட்டத்தையும் வரைந்து கணினியில் ஏற்றினார். வாட்போர் அசைவுகள் 1938 இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் இறுதிச் சண்டையிலிருந்து பெறப்பட்டவை. இசையமைத்தவர் மெக்னரின் தந்தை. புரோடர்பண்ட் நிறுவனம் 1989 இல் ஆப்பிள் 2 கணினிக்கு இதனை வெளியிட்டது. அக்கணினியின் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்ததால் தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. டாஸ் (1990), மெக்கின்டாஷ் (1992) முதலிய வடிவங்களே இதற்குப் புகழ் தந்தன.

சுல்தான் இல்லாத வேளையில் அமைச்சன் ஜாஃபர் இளவரசியைச் சிறைப்பிடிக்கிறான். நிலவறையில் அடைக்கப்பட்ட நாயகன் 60 நிமிடங்களுக்குள் அவளை மீட்கவேண்டும். உயிரிழந்தால் அந்தக் கட்டத்தை மீண்டும் தொடங்கலாம், ஆனால் கடிகாரம் பின்னோக்கிச் செல்லாது.

இவ்வாட்டத்தின் சிறந்த பாத்திரம் நினைவகப் பற்றாக்குறையால் பிறந்தது. இளவரசனின் அசைவுப் படங்களே நினைவகத்தை நிரப்பிவிட்டதால் புதிய எதிரி ஒருவனைச் சேர்க்க இடமில்லை. எனவே மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, மூலப்படத்தோடு எக்ஸார் என்னும் தருக்கச் செயலுக்கு உட்படுத்தினார். இரண்டும் ஒத்த இடங்கள் அழிந்து, மங்கலாக ஒளிரும் ஓர் உருவம் கிடைத்தது. அதுவே 'நிழல் மனிதன்'. நான்காம் கட்டத்தில் இளவரசன் கண்ணாடியினூடே பாயும்போது இவன் வெளிப்படுகிறான். பின்னர் இளவரசனுக்குரிய மருந்தைக் குடித்துவிடுகிறான். இறுதியில் வாளேந்தி எதிரே நிற்கும் இவனை வெட்டினால், வெட்டியவரின் உயிரே குறையும். வாளை உறையிலிட்டு அருகில் சென்றால் இருவரும் ஒன்றாகிவிடுவர். கூடுதல் நினைவகம் இருந்திருந்தால் இப்படியொரு எதிரி தோன்றியிருக்கமாட்டான் எனலாம்.

ஆப்பிள் 2 வடிவத்தின் மூலநிரல் நீண்ட காலம் காணாமற்போயிருந்தது. 2012 மார்ச்சில் மெக்னரின் தந்தை பழைய பெட்டி ஒன்றில் அதன் வட்டுகளைக் கண்டெடுத்தார். ஏப்ரலில் நிரல் மீட்கப்பட்டு இணையத்தில் பொதுவில் வைக்கப்பட்டது. 6502 பொறிமொழி பயில விரும்பும் மாணவர்கள் அதனைப் படித்துப் பார்க்கலாம்.

டாஸ் வடிவமும் இந்தியாவும்

1990களில் இந்தியப் பள்ளிகளிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் பரவலாகக் காணப்பட்ட ஆட்டங்களுள் டாஸ் வடிவமும் ஒன்று. பெரும்பாலும் படியெடுக்கப்பட்ட நெகிழ்வட்டுகள் மூலமே இது கைமாறியது. முதற்கட்டம் முடிந்ததும், கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்திலுள்ள ஒரு சொல்லின் முதல் எழுத்தைக் கண்டறிந்து அதற்குரிய குப்பியை அருந்தவேண்டும், தவறினால் மரணம். கையேடே இல்லாதவர்களுக்கு இது பெருந்தடை. மறுபுறம் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று கட்டளையிட்டு ஆட்டத்தைத் தொடங்கினால் கட்டங்களைத் தாண்டிச் செல்ல இயலும் என்ற கமுக்கம் வாய்வழியாகவே பரவியது.

பிந்தைய ஆட்டங்கள்

இரண்டாம் ஆட்டம் 1993 இல் வெளிவந்தது. 1999 இன் முப்பரிமாண ஆட்டம் பிழைகள் மலிந்து தோல்வியுற்றது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மொன்றியால் கூடம் 2003 இல் உருவாக்கிய 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' தொடருக்கு மறுவாழ்வு அளித்தது. மெக்னரும் இதில் பங்காற்றினார். தவறான தாவலைச் செய்தவர் காலத்தைச் சற்றே பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்யலாம் என்பது இதன் புதுமை. முதல் ஆட்டத்தின் இரக்கமற்ற கடிகாரத்திற்கு இது நேர்மாறானது. கதை இந்திய மகாராசா ஒருவரின் அரண்மனை சூறையாடப்படுவதில் தொடங்குகிறது. நாயகி அவருடைய மகள். அவளுக்கு ஃபரா என்று பெயரிட்டிருப்பது இந்திய வாசகர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். இதே தொடருக்காகத் தொடங்கப்பட்ட ஒரு முயற்சியே 2007 இல் அசாசின்ஸ் கிரீட் என்னும் தனித் தொடராக உருவெடுத்தது.

இந்தியாவில் மறுஆக்கம்

'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தின் மறுஆக்கம் 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. புனே (2008 முதல்), மும்பை (2018 முதல்) ஆகிய இடங்களிலுள்ள யூபிசாஃப்ட் கூடங்கள் இதனை மேற்கொண்டன. வெளிநாட்டுக் கூடங்கள் வழிநடத்தும் ஆட்டங்களுக்குத் துணைப்பணி செய்வதே இந்தியாவில் வழக்கம்; புகழ்பெற்ற தலைப்பு ஒன்று இங்கிருந்து வழிநடத்தப்பட்டது அரிய நிகழ்வாகும். முதல் முன்னோட்டத்தில் முகங்களும் ஒளியமைப்பும் பழமையாக உள்ளன என்று கடும் விமரிசனம் எழுந்தது. காட்சித் தரத்தைப் பற்றியே பலரும் பேசினர். ஆனால் பழைய ஆட்டத்தின் ஒவ்வொரு தாவலின் தூரத்தையும் நேரத்தையும் வேறொரு ஆட்டப் பொறியில் மீண்டும் அமைப்பது அதைவிடக் கடினமான வேலை.

வெளியீடு 2021 சனவரி 21 இலிருந்து மார்ச் 18 க்குத் தள்ளிப்போய், பின்னர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் பணி இந்தியக் கூடங்களிடமிருந்து மொன்றியாலுக்கு மாற்றப்பட்டது. பிரான்சின் மொம்பெலியே கூடம் உருவாக்கிய 'லாஸ்ட் கிரௌன்' 2024 சனவரியில் வெளிவந்து, தொடரை மீண்டும் இருபரிமாணத் தாவல்களுக்குக் கொண்டுசென்றது. மறுஆக்கமோ மொன்றியாலிலும் நிறைவுபெறவில்லை. 2026 சனவரியில் யூபிசாஃப்ட் அதனைக் கைவிட்டது.