கொம்பில் முளைத்த மரம்

மத்தியப் பிரதேசத்துப் பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பானா என்கிற நரம்புக் கருவியை இசைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். அந்தந்த வீட்டு வம்சக் கதையையும், சாஜ மரத்தில் குடியிருக்கும் படாதேவ் கதையையும் பாடி, கொடுத்த தானியத்தை வாங்கி வருவார்கள். கொடுத்த வீடுகளே வறுமையில் விழுந்தபோது பாட்டும் ஓய்ந்தது.

அந்தப் பாணர் குலத்தில், பாட்டன்கர் கிராமத்தில் பிறந்தவர் ஜங்கர் சிங் ஷியாம். வறுமையால் படிப்பை விட்டவர். 1980களின் தொடக்கத்தில், போபால் பாரத் பவனுக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு, சுவரில் அவர் போட்டிருந்த படத்தைப் பார்த்து அவரைப் போபாலுக்கு அழைத்தது. வாயில் இருந்த கதை தாளுக்கு இறங்கியது.

அவருடைய மான்களைப் பாருங்கள். கொம்பு கிளைவிட்டு மரமாகிறது. கற்பனைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைப்பது. மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற மாதிரிதான். காட்டோடு கிடந்தவன் கண்ணுக்கு இது தெரியும். அவன் தெய்வமும் மரத்தில்தானே இருக்கு? உயிரியல் தனி, புராணம் தனி என்று பிரிக்க அவனுக்கு அவசியமே வரவில்லை.

பிரித்தது யார்? அதே மண்டலாப் பக்கத்துக் கான்ஹா காட்டில் 1970இல் பாரசிங்கா மான்கள் 66தான் மிச்சம். மானைக் காப்பாற்ற வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் காடு காக்கிறோம் என்று பைகா, கோண்டு ஊர்களைக் கிளப்பி வெளியே அனுப்பினார்கள். மானுக்குக் காடு, மனுசனுக்கு ரோட்டோரம். மானும் மரமும் மனுசனும் ஒரே உடம்பு என்று வரைந்த ஜனத்துக்கு இதுதான் கிடைத்தது.

1989இல் பாரிசு வரை ஜங்கரின் படங்கள் போயின. 2001இல் ஜப்பானில், நீகாட்டாப் பகுதியின் மிதிலா அருங்காட்சியகத்தில் வரையப் போன இடத்தில் அவர் இறந்துகிடந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். படத்துக்கு உலகமெல்லாம் சுவர் இருந்தது. வரைந்தவன் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

அவரிடமிருந்து கிளைத்த ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். 2011இல் வந்த 'பீமாயணா'வில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை இவர்கள்தான் வரைந்தார்கள். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பேச்சுக் குமிழிகளை. அன்பான பேச்சு பறவை வடிவில் வரும். சாதித் திமிர் பிடித்த பேச்சுக்குத் தேள் கொடுக்கு. 'தண்ணியத் தொடாதே' என்று சொல்கிற வாயில் விஷம் இருக்கிறதென்று எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! ஒரு கொடுக்கில் முடித்துவிட்டார்கள். காட்டில் தேளைப் பார்த்து ஒதுங்கத் தெரிந்த கை, ஊரில் இருக்கிற தேளையும் அடையாளம் காட்டிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுக்கைக் காட்டுங்கள். எது கொட்டும் என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள்.