கடுகு டப்பாவும் அடைமழையும்



நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஐப்பசி பிறக்குமுன்னே வீட்டை அடைமழைக்குத் தயார் பண்ணுவது பெண்களோட வேலையாக இருந்தது. குதிரில் சோளம், வரகு. பரண்மேல் காய்ந்த விறகு, வறட்டி. வெயில் காலத்திலேயே போட்டுவைத்த வத்தல், வடகம். அவசரச் செலவுக்குக் கடுகு டப்பாவில் சில்லறை. மழை விடாமல் பெய்தாலும் அடுப்பு எரியும். இதைத்தான் இன்றைக்குப் பேரிடர் முன்னேற்பாடு என்று சொல்கிறார்கள்.

வெள்ளம் என்ன செய்யும் என்று நம்ம மண்ணுக்குத் தெரியும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தைக் காப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்குள்ளே தயாராக இருப்பது நம்ம பொறுப்பு.

இப்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலபேர் சென்னையில் குடியிருக்கிறார்கள். பட்டணத்தில் குதிர் எதுக்கு? பால் காலையில் வாசலுக்கு வரும், கடை கீழேயே இருக்கு, பணம் ஏ.டி.எம்.மில் இருக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2015 டிசம்பர் 1 அந்த நினைப்பை உடைத்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்க, அடையாறு கரை தாண்டியது. விமான நிலையத்தை மூடினார்கள். 1878-ல் தொடங்கிய இந்து ஆங்கில நாளிதழ்கூட மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. கரண்ட் போனதால் மோட்டார் ஓடவில்லை. சுற்றிலும் வெள்ளம், குழாயில் குடிக்கத் தண்ணீர் இல்லை. போன் அடங்கிப்போச்சு, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, பால் விலை பல மடங்கு ஏறியது. ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட் நனைந்துபோனவர்களுக்கு அரசு தனி முகாம் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் இதே பாடுதான் பட்டார்கள்.

வசதி இருந்தால் மட்டும் போதாது, எடுத்து வைத்திருக்கணும் என்பதுதான் இதில் தெரிவது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய நம்ம சுய உதவிக் குழு முறையும் இதைத்தானே சொல்கிறது? நல்லா இருக்கிற நாளில் கொஞ்சம் ஒதுக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். பட்டணத்தில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மூடிபோட்ட குடத்தில் மூணு நாளுக்குக் குடிதண்ணீர், அவல், பொட்டுக்கடலை, பால் பவுடர், டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி. சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு. கைக்குழந்தைக்கும் வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் வேண்டிய துணி, நாப்கின். ஆதார், பாஸ்புக், பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில். கடுகு டப்பாவில் ரொக்கம். போன் அணைந்தாலும் பார்க்கிற மாதிரி சுவரில் எழுதிய நம்பர்கள்: மாநில உதவிக்கு 1070, மாவட்ட உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108.

வருஷா வருஷம் புரட்டாசி மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கோடு இதையும் ஒரு பொருளாகத் தீர்மான நோட்டில் எழுதுவோம். யார் வீட்டில் தயார், யார் வீட்டில் இன்னும் இல்லை என்று பெயர் கூப்பிட்டே கேட்போம்.