கல்கத்தாவின் அபாயமணி

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் செல்லும் நாம், அங்கே குடியிருக்க இடம் தேடும்போது என்னென்ன விசாரிக்கிறோம்? குடிநீர் வருமா, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் அருகில் உண்டா, தமிழ்க் குடும்பங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்றெல்லாம் கேட்கிறோம். நள்ளிரவில் தீப்பிடித்தால் நம்மை எழுப்ப ஒரு மணி இருக்கிறதா, அது ஒலிக்குமா என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு ஒரு மாநகரம் எவ்வாறெல்லாம் விடை தேடியது என்பதைக் கல்கத்தாவின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. 2001ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா. பழைய செய்திகளைப் பேசும்போது பழைய பெயரையே நாம் கையாளுவோம்.

தொடக்க காலத்தில் அந்நகரில் பெரும்பகுதி மக்கள் வாழ்ந்தவை புல்லும் வைக்கோலும் வேய்ந்த குடிசைகளே. கோடைக் காற்றில் ஒரு பொறி பறந்தால் ஒரு பேட்டையே சாம்பலாகிவிடும். 1837ஆம் ஆண்டில் அவ்விதம் பெருந்தீ பலமுறை மூண்டபின், அவ்வாண்டின் 12ஆம் சட்டம் பிறந்தது. எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கூரை வேய்வதை அது தடுத்தது. நகரைக் காக்க வந்த சட்டந்தான். ஆனால் ஓடு வாங்கப் பணமில்லாத ஏழையின் தலையில் அதன் சுமை முழுவதும் விழுந்தது.

பின்னர் சணலின் காலம் வந்தது. ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் கிடங்குகள் எழுந்தன. அவற்றில் சணல் மூட்டைகள் மலைபோல் குவிந்தன. மூட்டையின் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே வங்காள அரசாங்கம் 1872இல் சணல் கிடங்குகளுக்கும் தீயணைப்புப் படைக்குமாக ஒரு சட்டம் செய்தது. 1893இல் அதனை விரிவாக்கி மற்றொரு சட்டம் இயற்றியது. கிடங்கு வைத்திருப்பவர் உரிமம் பெறவேண்டும். அவர் செலுத்தும் கட்டணம் தீயணைப்புப் படையின் செலவுக்கு உதவவேண்டும். ஆபத்தை வளர்ப்பவனே காவலுக்கும் பொருள் தரவேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. எனினும் அச்சட்டங்களின் கண் முதலில் பட்டது சரக்கின்மீது. மனிதன் அதன் பின்னரே வந்தான் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

படை இருந்தால் மட்டும் போதுமா? தீ எங்கே என்று படைக்கு யார் சொல்வது? தந்திக் கம்பியைக் கொண்டு இதற்கு விடை கண்ட முதல் நகரம் அமெரிக்காவின் பாஸ்டன். 1852இல் அங்கே தெருத்தோறும் அபாயப் பெட்டிகள் அமைந்தன. பெட்டியின் கைப்பிடியை இயக்கினால் அதற்குரிய எண் தலைமை நிலையத்தில் பதிவாகும். தீ எந்த இடத்தில் என்பது நொடியில் விளங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், வெஸ்ட்புரூக் என்பார் தீயணைப்புப் படையின் தலைவராக இருந்த காலத்தில், கல்கத்தாவின் தெருக்களிலும் சிவப்பு வண்ண இரும்புப் பெட்டிகள் தோன்றின. கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் செய்தி நிலையத்தை எட்டும். எழுதப் படிக்கத் தெரியாத சுமைகூலியும் அதனை இயக்கலாம். தொலைபேசி பரவியபின் அவை பயனற்றுப் போயின. எஞ்சியவை இன்று நடைபாதையில் ஊமைகளாய் நிற்கின்றன.

இங்கேதான் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. தெருவிலிருந்த மணி நகரத்தின் மணி. அதனைப் பேணுவது படையின் கடமை. மாடிக் கட்டடங்கள் உயர உயர, மணி கட்டடத்தின் உள்ளே சென்றது. 1950இல் மேற்கு வங்கத் தீயணைப்புப் பணிச் சட்டம் வந்தது. 1970இல் முதன்முதல் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு, எந்தக் கட்டடத்தில் எவ்வகை அபாயமணி வேண்டும், புகையை உணரும் கருவி எங்கே வேண்டும் என்றெல்லாம் வகுத்தது. ஆனால் உள்ளே சென்ற மணி உரிமையாளரின் மணியாகிவிட்டது. சட்டம் அதைச் சோதிக்கலாம், சான்று தரலாம். நாள்தோறும் அதன் அருகில் நிற்க அதனால் இயலாது.

இதன் விளைவை அந்நகரம் பலமுறை கண்டது. 2010 மார்ச் 23 அன்று பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9 அன்று விடியுமுன், தமிழர் பலர் வாழும் ஏரிப் பகுதிக்கு அடுத்த தாக்குரியாவில், ஒரு தனியார் மருத்துவமனையின் நிலவறையில் மூண்ட தீயின் புகை சுமார் 90 உயிர்களைக் குடித்தது. புகை கண்டு ஓடிவந்த குடிசைப்பகுதி மக்களைக் காவலர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்று நாளேடுகள் எழுதின. மனிதக் குரலே அங்கு அபாயமணியாக வந்தது; கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. நோயாளிகளைக் காப்பாற்றி, தம் உயிரை ஈந்த கேரளச் செவிலியர் இருவரை நாம் மறத்தலாகாது.

2025 ஏப்ரல் 29 இரவு, படாபஜார் பகுதியின் ஒரு தங்கும் விடுதியில் 14 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் அவர்களுடைய பாட்டனாரும் இருந்தனர். அவ்விடுதியின் தீப்பாதுகாப்புச் சான்று காலாவதியாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன என்று அதிகாரிகள் கூறினர்.

இது வங்காளத்தின் குறை மட்டும் அன்று. கூரை பற்றிய சட்டம் கல்கத்தாவில் 1837இலேயே வந்தது. ஆயினும் 2004 ஜூலை 16 அன்று நம் கும்பகோணத்தில், கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்கு இழந்தோம். அதன் பின்னரே நம் நாட்டில் பள்ளிக் கூரைகள் அகற்றப்பட்டன. சட்டம் எப்போதும் சாம்பலின்மேல் எழுதப்படுகிறது. எழுதிய சட்டத்தைக் காப்பாற்றுவதோ உயிரோடிருப்பவர் கடமை.

ஆதலின் வேற்றூரில் வாழும் நாம் மூன்று கேள்விகளைக் கூசாமல் கேட்கப் பழகுவோம். இக்கட்டடத்தின் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? இங்குள்ள மணியைக் கடைசியாக ஒலித்துப் பார்த்தது எப்போது? மாடிப்படியின் கதவும் மொட்டைமாடிக் கதவும் திறக்குமா? 101 என்னும் எண்ணை நம் குழந்தைகளுக்கும் சொல்லி வைப்போம். அன்று தெருமுனைச் சிவப்புப் பெட்டி யாவர்க்கும் பொதுவாய் நின்றது. இன்று அந்தப் பொறுப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.