தம்பியோடு வந்த சிப்பாய்

ராணுவத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வீட்டிலோ சின்னத் தம்பி ஒருவன். அண்ணனை விட்டால் அவனுக்கு ஆளில்லை. கிராமத்து அண்ணன் தம்பியையும் கூட்டிக்கொண்டே ராணுவத்துக்குப் போய்ச் சேர்கிறான்.

1956இல் பெத்ரோ லூயிஸ் ரமீரெஸ் இயக்கிய ஸ்பானிய நகைச்சுவைப் படம் ‘ரெக்லூத்தா கோன் நீன்யோ’. பிள்ளையோடு வந்த புதுச்சிப்பாய் என்று பொருள். அப்போது ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. வயது வந்த ஆண்பிள்ளைகள் கட்டாய ராணுவ சேவைக்குப் போயாக வேண்டும். ‘மிலி’ என்று மக்கள் அதைச் சுருக்கிச் சொல்வார்கள். பல கிராமத்துப் பையன்கள் ஊர் எல்லையைத் தாண்டியதே அதற்காகத்தான். திரையில் திருதிருவென்று விழித்தவனை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அது அவர்களேதான்.

அந்த அண்ணனாக நடித்தவர் ஹோசே லூயிஸ் ஓசோரெஸ். வஞ்சகம் அறியாத முகம். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்னும் நரம்பு நோய் அவரை மெல்ல முடக்கியது, 1968இல் காலமானார்.

கதை நிற்கவில்லை. 1970இல் ரமோன் பெர்னாந்தெஸ் அதையே தரைப்படையிலிருந்து கடற்படைக்கு மாற்றி எடுத்தார். பெயர் ‘கதேத்தோ அ பபோர்’. ‘பபோர்’ கப்பலின் இடப்பக்கம்; ‘கதேத்தோ’ நம் பட்டிக்காட்டான். இம்முறை நாயகன் அல்பிரெதோ லாந்தா. குள்ள உருவம், அடர்ந்த புருவம். எழுபதுகளில் இப்படியான நகைச்சுவைகளில் அவர் நடித்துக் குவித்ததில் ‘லாந்திஸ்மோ’ என்ற சொல்லே பிறந்துவிட்டது. விமர்சகர்கள் அந்தச் சொல்லை மட்டமாகவே பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிராமத்தானின் உடல்மொழியை அவர் ஆண்டுக்கணக்கில் பழகிய பட்டறை அது.

1984இல் மரியோ காமுஸின் ‘லோஸ் சாந்தோஸ் இனோசெந்தெஸ்’ வந்தது. மிகுவேல் தெலிபெஸின் நாவல்; எஸ்த்ரெமதூரா பண்ணையொன்றின் கூலிக்குடும்பம். லாந்தாதான் பாக்கோ. பண்ணையார் சுட்ட பறவை எங்கோ விழுந்துவிட்டது. பாக்கோ நாலுகாலில் தவழ்கிறான்; மூக்கைத் தரையோடு வைத்து வேட்டைநாய் போல மோப்பம் பிடிக்கிறான். மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த பிறகும் பண்ணையார் அவனை வேட்டைக்குக் கூப்பிடுகிறார். பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஜனங்கள் வாயடைத்துப் போகும் இடம் இது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை லாந்தாவும் பிரான்சிஸ்கோ ரபாலும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஸ்பெயினில் கட்டாய ராணுவ சேவை 2001 முடிவோடு ஒழிந்தது. ஆனால் அந்தக் கிராமத்துச் சிப்பாய் திரையில் நிற்கிறான். பாக்கோவின் கதையிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். படம் தொடங்குவதே பாக்கோவின் மகனிடமிருந்துதான்: ராணுவச் சீருடையில், விடுப்பில் ஊர் வருகிறான்.