ஆறு குரலில் ஒரு துயரம்

1603ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் மாட்ரிட் நகரில் பேரரசி மரியா இறைவனடி சேர்ந்தார். ஐந்தாம் சார்லசின் மகள் அவர். இரண்டாம் மாக்சிமிலியனை மணந்து கைம்மை எய்தியவர். இறுதி ஆண்டுகளைக் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் கழித்தார். அம்மடத்தில் அவருக்கு ஆன்மகுருவாய் இருந்த தொமாஸ் லூயிஸ் தே விக்டோரியா, பேரரசிக்காக இறந்தோர் திருப்பலி இசை ஒன்றை இயற்றினார். 1605இல் அது அச்சேறியது. அதன்பின் அவர் எதையும் வெளியிட்டாரில்லை.

ஆறு குரல்களுக்கு அமைந்த இசை அது. திருச்சபையின் பழைய கிரகோரியன் பண்ணை ஒரு குரல் நீண்ட சுரங்களாய் ஏந்தி நிற்க, ஏனைய குரல்கள் அதனைச் சூழ்ந்து எழுகின்றன, தாழ்கின்றன. கதறல் அங்கே இல்லை. யாழும் குழலும் அழுகையாய் மாறிப்போன யோபுவின் துயரத்தைப் பாடும் பகுதியிலுங்கூட விக்டோரியா குரலை உயர்த்தவில்லை. அரண்மனைத் துக்கத்துக்கு எழுதப்பட்டதாயினும் ஆரவாரம் அதில் அறவே இல்லை என்பதே அதன் பெருமை.

அது அச்சான அதே 1605இல் உரோமை நகரத்து இளங்குரு இராபர்ட் தெ நொபிலி கோவாவில் வந்திறங்கினார். 1623இல் துறவிக் கோலத்தில் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தவர் அவரே என்பதை நம் மறைமாவட்டத்தார் அறிவர். ஐரோப்பியப் பல்குரல் இசையை அவர் இங்குச் சுமந்து வரவில்லை. தமிழைக் கற்றார், தமிழில் எழுதினார். பொய்ச் சமயம் சாராத நாட்டு வழக்கங்களைக் கிறிஸ்தவர் கைவிட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். பூணூல், குடுமி, சந்தனம் பற்றிய அவ்வழக்கில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் 1623இல்தான்.

குடுமிக்குக் கிடைத்த அந்த இடம் ஒப்பாரிக்குக் கிடைத்ததா? கோவிலுக்குள் கிடைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை நம் ஊர்களில் இறந்தோர் பூசை இலத்தீனிலேயே நடந்தது. கறுப்பு உடை அணிந்த குருவும், பொருள் முழுதும் விளங்காமலே பண் பிசகாது பாடிய பாடகரும் பலருக்கு நினைவிருக்கலாம். (அப்பண்ணின் அழகை இன்று ஏளனம் செய்வோர் அதனைக் கேட்டறியாதவர்.) வீட்டு முற்றத்தில் மார்பில் அறைந்து பாடிய பெண்களின் குரலோ கோவில் வாசலோடு நின்றது.

இலக்கியத்தில் மட்டும் அதற்கு வழி திறந்தது. 1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர், மகனை இழந்த மரியன்னையின் துயரை 'அன்னை அழுங்கல் அந்தாதி'யாகப் பாடினார். ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி யாப்பு, முடிந்ததுபோல் தோன்றி மீண்டும் எழும் அழுகைக்கு எத்துணை இயல்பாய்ப் பொருந்துகிறது! விக்டோரியாவிடம் பழம்பண் செய்த வேலையை இங்கு யாப்பு செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: மாட்ரிட்டில் அரசிக்காகத் திருச்சபை அழுதது, இங்கோ அன்னையே அழுகிறாள், தமிழ்த் தாயாக.

1969இல் வெளிவந்த புதிய அடக்கச் சடங்குமுறை, அந்தந்த நாட்டு மரபுகளை மதிக்குமாறு பணித்தது. ஆயினும் குருவானவர் வீட்டு வாயிலில் வந்து நின்றதும் நம் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிடுகிறார்கள்.