மன்றோ குதிரைக்கு அங்கவடி எங்கே?

தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையைத் தாண்டும்போது பஸ்ஸில் யாராவது இந்தக் கதையைச் சொல்வார்கள்: சிற்பி அங்கவடி வைக்க மறந்துட்டாராம், அவமானத்தில் தற்கொலை பண்ணிக்கிட்டாராம்.

நம்பாதீங்க. சிலை இங்கே நிறுவப்பட்டது 1839-ல். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி 1841-ல் இதய நோயால் இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் சேணமோ அங்கவடியோ கிடையாது. ஒரே ஆள் ரெண்டு தடவையா மறப்பார்?

இது பழைய ரோமின் பாணி. மார்க்கஸ் அரேலியஸின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். அந்தக் காலத்து ரோமானியருக்கு அங்கவடியே தெரியாது. 1623-ல் டச்சுக்காரர் கிரிஸ்பைன் டி பாஸ் செதுக்கி அச்சிட்ட படங்களில் பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி குதிரையேற்றம் பழகுகிறார். முன்னங்கால் தூக்கித் துள்ளும் குதிரையை அடக்குவதுதான் அங்கே அதிகாரம். மன்றோவின் குதிரையோ அமைதியாக நிற்கிறது. கம்பெனி கவர்னர் ஒருவரை ரோமப் பேரரசராகக் காட்டும் வேலை அது. அங்கவடி வைத்திருந்தால்தான் கெட்டிருக்கும்.